ஷார்ம் எல்-ஷேக்கில் எத்தனை முறைதான் கூடுவார்கள்?

வேம்பு:

2025 அக்டோபர் 13 அன்று எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில் டிரம்ப், எகிப்து அதிபர் சிசி, துருக்கி அதிபர் எர்டோவான், கத்தார் அமீர் ஆகிய நால்வரும் காசா போர்நிறுத்த ஆவணத்தில் கையெழுத்திட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் தலைவர்கள் கல்யாண வீட்டுப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் பின்னால் வரிசைகட்டி நின்றார்கள். நெதன்யாகு பண்டிகையைக் காரணம் காட்டி வரவில்லை. ஹமாஸும் அந்தப் படத்தில் இல்லை.

நான் கேட்க வந்தது அந்த ஊரைப் பற்றி. 1996, 1999, 2000, 2005 என்று மேற்காசியாவில் எப்போது ரத்தம் சிந்தினாலும் செய்தியில் இந்தப் பெயர் வந்துவிடுகிறது. கெய்ரோவில் அரபு லீக்கின் தலைமையகமே இருக்கிறது. தூதரகங்கள் இருக்கின்றன, அரண்மனைகள் இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு, பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் தங்கும் ஊரில் ஏன் கூடுகிறார்கள்? கடற்கரை அழகு என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

மாலுமி:

வேம்பு, வரைபடத்தைப் பாருங்கள். பாதிப் பதில் அதில் இருக்கிறது.

சினாய் முக்கோணத்தின் தென்முனையில் இருக்கிறது ஊர். மேற்கே சூயஸ் வளைகுடா, கிழக்கே அகபா வளைகுடா. அகபா வளைகுடாவின் வாயில் திரான், சனாஃபிர் என்ற இரண்டு தீவுகள் கிடக்கின்றன. சினாய்க் கரைக்கும் திரானுக்கும் இடையே சில கிலோமீட்டர் தண்ணீர்தான். அதற்கு நடுவிலும் கோர்டன், தாமஸ், வுட்ஹவுஸ், ஜாக்சன் என்று நான்கு பவளத்திட்டுகள். வணிகக் கப்பலில் இருந்த காலத்தில் அகபாவில் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்திருக்கிறேன். திட்டுகளின் மேல் ஏறி மாட்டிக்கொண்டு, துருப்பிடித்துப்போன பழைய கப்பல்களின் எலும்புக்கூடுகள் கண்ணுக்குத் தெரியும். அதைக் கடக்கும்வரை கேப்டன் தேநீரைக்கூடத் தொட மாட்டார்.

ஜோர்டானுக்கு இருக்கும் ஒரே துறைமுகம் அகபா. இஸ்ரேலுக்குச் செங்கடல் பக்கம் இருக்கும் ஒரே வாசல் எய்லாத். இரண்டுக்கும் பூட்டு இந்த நீரிணை. 1950-களில் எகிப்து கரையில் பீரங்கிகளை வைத்து இஸ்ரேலுக்குப் போகும் கப்பல்களைத் தடுத்தது. 1956 போரில் இஸ்ரேல் வந்து ஷார்மைப் பிடித்தது. 1957 மார்ச்சில் விலகியது, அந்த இடத்தில் ஐ.நா. அவசரப் படை வந்து உட்கார்ந்தது. அந்தப் படையின் கடைசித் தளபதி யார் தெரியுமா? நம் நாட்டைச் சேர்ந்த மேஜர் ஜெனரல் இந்தர்ஜித் ரிக்யே. 1967 மே 16 அன்று ‘உங்கள் ஆட்களை எல்லைக் காவல் நிலைகளிலிருந்து விலக்கிக்கொள்ளுங்கள்’ என்ற எகிப்தின் கடிதம் அவர் கையில்தான் கொடுக்கப்பட்டது. மே 22 அன்று இஸ்ரேலியக் கப்பல்களுக்கு நீரிணை மூடப்பட்டதாக எகிப்து அதிபர் நாசர் அறிவித்தார். ஜூன் 5 அன்று போர். காசாவில் இருந்த இந்திய வீரர்கள் பலர் அந்தச் சண்டையில் சிக்கி இறந்தார்கள். நம் பத்திரிகைகள் இதை நினைவுகூர்வதே இல்லை.

ஆக, இந்த ஊர் உலக அரசியலுக்குள் வந்தது போருக்கான காரணமாக. ஓட்டல்கள் பிறகு வந்தவை.

உப்புக்காற்று:

அருமை, மாலுமி ஐயா. ஆனால் உங்கள் பதில் 1967-க்குத்தான் பொருந்தும். இன்று அங்கே கூடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் திரான் எங்கே இருக்கிறது என்று தெரியும்?

என் பதில் எளிமையானது: அந்த ஊரைப் பூட்ட முடியும். மூன்று பக்கம் பாலைவனமும் மலையும், ஒரு பக்கம் கடல், ஒரு விமான நிலையம், வந்துபோகச் சில சாலைகள். கெய்ரோவிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் நைல் பள்ளத்தாக்கிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். பல்கலைக்கழக மாணவர் ஊர்வலம் கிடையாது, தொழிற்சங்கம் கிடையாது, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஒரு லட்சம் பேர் திரளும் சதுக்கம் கிடையாது. கெய்ரோவில் ஒரு இஸ்ரேலியப் பிரதமரின் கார் வரிசை போனால் என்ன நடக்கும் என்று அப்போதைய எகிப்து அதிபர் முபாரக்குக்குத் தெரியும். ஷார்மில் நீச்சல் உடையோடு நிற்கும் இத்தாலியர்கள் கையசைப்பார்கள், அவ்வளவுதான்.

இனி பலன்களைப் பாருங்கள்.

1996 மார்ச் 13, ‘அமைதியாளர்கள் மாநாடு’. கிளின்டன், முபாரக், ரஷ்யாவின் யெல்ட்சின், இஸ்ரேல் பிரதமர் பெரஸ், பாலஸ்தீனத் தலைவர் அராஃபத், ஜோர்டான் மன்னர் ஹுசைன் எல்லாரும் வந்தார்கள். இஸ்ரேலில் நடந்த பஸ் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பெரஸைத் தேர்தலில் கைதூக்கிவிடுவதும் ஒரு நோக்கம். மே மாத இறுதியில் பெரஸ் தோற்றார், நெதன்யாகு வந்தார்.

1999 செப்டம்பர், இஸ்ரேல் பிரதமர் பராக்கும் அராஃபத்தும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். ஒரே ஆண்டில், அதாவது 2000 செப்டம்பர் 13-க்குள், இறுதித் தீர்வு காண்பதாக எழுதினார்கள். அந்தத் தேதி கழிந்து இரண்டு வாரத்தில் இரண்டாம் இன்திஃபாதா என்ற பாலஸ்தீனர் எழுச்சி வெடித்தது.

2000 அக்டோபர், அதை அணைக்க மறுபடியும் அதே ஊர். இந்த முறை கையெழுத்துகூட இல்லை. கிளின்டன் எழுந்து ஒரு அறிக்கையைப் படித்தார், கலைந்தார்கள். மிட்செல் குழு என்ற விசாரணைக் குழு மட்டும் மிஞ்சியது.

2003 மார்ச் 1, அரபு லீக் உச்சி மாநாடு. ஈராக் போரைத் தடுக்கக் கூடினார்கள். லிபியாவின் கடாஃபியும் சவூதிப் பட்டத்து இளவரசர் அப்துல்லாவும் நேரலையில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். மூன்று வாரத்துக்குள் பாக்தாத் மேல் குண்டு விழுந்தது.

2009 மார்ச், காசாவை மீண்டும் கட்ட நன்கொடையாளர் மாநாடு. சுமார் 450 கோடி டாலர் வாக்குறுதி. அந்தக் காசாவை இப்போது பாருங்கள்.

இன்னும் சொல்லவா?

நடுப்பக்கம்:

உப்புக்காற்று பட்டியலில் நமக்கு மிகவும் நெருக்கமான ஒன்றை விட்டுவிட்டார். நான் அப்போது ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2009 ஜூலை 15, 16. அணிசேரா இயக்கத்தின் 15-ஆவது உச்சி மாநாடு. தலைமைப் பொறுப்பைக் கியூபாவின் ராவுல் காஸ்ட்ரோவிடமிருந்து முபாரக் வாங்கிக்கொண்டார். அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தது மன்மோகன் சிங்கும் பாகிஸ்தான் பிரதமர் யூசுஃப் ரஸா கிலானியும் தனியே சந்தித்ததை. மும்பைத் தாக்குதல் நடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

கூட்டறிக்கை வந்ததும் இரண்டு இடங்கள் டெல்லியைக் கொதிக்க வைத்தன. ஒன்று, பயங்கரவாதத்தின் மீதான நடவடிக்கையை இருதரப்புப் பேச்சுவார்த்தையோடு இணைக்கக் கூடாது என்ற வரி. இரண்டு, பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாகாணத்திலும் பிற பகுதிகளிலும் உள்ள அச்சுறுத்தல்கள் குறித்துத் தங்களிடம் தகவல்கள் இருப்பதாகக் கிலானி குறிப்பிட்டார் என்ற வரி. அங்கே கிளர்ச்சியைத் தூண்டுவது இந்தியா என்பது பாகிஸ்தானின் குற்றச்சாட்டு. இந்தியப் பிரதமரின் பெயரையும் தாங்கிய காகிதத்தில் பலூசிஸ்தான் ஏறியது அதுவே முதல் முறை. அது கிலானியின் கூற்றாகத்தானே பதிவாகியிருக்கிறது என்று அரசு சொல்லிப் பார்த்தது, எடுபடவில்லை. காங்கிரஸ் கட்சியே பிரதமருக்குப் பின்னால் முழு மனதோடு வந்து நிற்கவில்லை. வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனன் பழியை வாசகத்தை எழுதிய விதத்தின் மேல் போட்டார். ஜூலை 29 அன்று மக்களவையில் மன்மோகன் சிங் நீண்ட விளக்கம் கொடுத்தார். பாகிஸ்தானோடு பேசாமல் இருப்பது ஒரு கொள்கையாக முடியாது என்பதுதான் அதன் சாரம்.

இப்போது ஊருக்கு வருகிறேன். அந்த அறிக்கையை டெல்லியிலோ இஸ்லாமாபாத்திலோ எழுதியிருந்தால், ஒவ்வொரு வரியும் அமைச்சரவைக்குள் பத்துப் பேர் கண்ணில் பட்டிருக்கும். மாநாட்டு ஊரில் அப்படி இல்லை. சிறிய குழு, ஓட்டல் அறை, திரும்பும் விமானத்தின் நேரம், வெளியே காத்திருக்கும் நிருபர்கள். ஏதாவது ஒரு காகிதம் இல்லாமல் வெளியே வர முடியாது என்ற நெருக்கடியில் எழுதப்படும் வாசகம் அப்படித்தான் இருக்கும். உப்புக்காற்று சொன்ன அந்தப் பூட்டு ஊர்வலத்தை மட்டும் வெளியே நிறுத்துவதில்லை. அந்த வரியை எடுங்கள் என்று சொல்லக்கூடிய மனிதரையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

வேம்பு:

இந்தக் கோணத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம், நடுப்பக்கம் சார். 2009-இல் குற்றம் ஊரினுடையதா, மன்மோகனுடையதா? அவர் மனத்தில் ஏற்கெனவே முடிவு செய்துகொண்டு போயிருந்தால், நியூயார்க்கில் சந்தித்திருந்தாலும் அதே அறிக்கைதானே வந்திருக்கும்?

நடுப்பக்கம்:

பேச வேண்டும் என்ற முடிவு அவருடையது, அதை நான் இன்றும் ஆதரிக்கிறேன். பலூசிஸ்தான் என்ற பெயர் உள்ளே வந்ததுதான் அவசரத்தின் வேலை. மறு ஆண்டு ஏப்ரலில் திம்புவில் சார்க் மாநாட்டின்போது இருவரும் மறுபடி சந்தித்தார்கள். அப்போது கூட்டறிக்கையே வெளியிடவில்லை. பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோடைமழை:

ஆண்கள் எல்லாரும் போரையும் பிரதமர்களையுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஷார்மில் இருந்து வந்த உருப்படியான ஒன்றை யாரும் சொல்லவில்லையே.

2022 நவம்பரில் 27-ஆவது காலநிலை மாநாடு அங்கே நடந்தது. பார்வையாளர் அமைப்பு ஒன்றின் சார்பில் நான் போயிருந்தேன். 18-ஆம் தேதி முடிய வேண்டியது, 20-ஆம் தேதி விடியற்காலை வரை இழுத்தது. அந்த விடியலில்தான் ‘இழப்பும் சேதமும்’ நிதியம் அமைக்க முடிவானது. மாசு செய்த பணக்கார நாடுகள், மூழ்கிக்கொண்டிருக்கும் நாடுகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று சிறு தீவு நாடுகள் 1990-களின் தொடக்கத்திலிருந்தே கேட்டுவந்த விஷயம் அது. அந்த ஆண்டு பாகிஸ்தான் பெருவெள்ளத்தில் கிடந்தது. வளரும் நாடுகளின் 77 நாடுகள் குழுவின் தலைமையும் அதன் கையில் இருந்தது. அந்நாட்டின் காலநிலை அமைச்சர் ஷெர்ரி ரஹ்மானின் குழு விடாப்பிடியாக நின்றதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஓராண்டு கழித்துத் துபாயில் நிதியம் செயல்வடிவம் பெற்றது.

உப்புக்காற்று சொல்லும் பூட்டு உண்மை. போராட்டக்காரர்களுக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கினார்கள், அதற்கு வெளியே ஒருவரும் மூச்சுவிட முடியாது. சிறையில் உண்ணாவிரதம் இருந்த எகிப்தியச் செயற்பாட்டாளர் அலா அப்துல் ஃபத்தாவின் சகோதரி சனா சயீஃப் மாநாட்டு வளாகத்துக்குள் வந்து பேசியபோது மட்டும் அந்தச் சுவரில் விரிசல் விழுந்தது. எகிப்துக்குள் வேறெங்கும் கேட்க முடியாத பேச்சு, ஐ.நா. மண்டபமாகிவிட்ட ஓர் ஓட்டல் ஊரில் கேட்டது. பூட்டு போட்டவர்களே அந்தச் சாவியையும் ஐ.நா.விடம் கொடுக்க வேண்டியிருந்தது, பாருங்கள்.

மற்றபடி, முன்பதிவு செய்த அறையின் வாடகையை மாநாடு நெருங்கும் நேரத்தில் பல மடங்கு உயர்த்திய ஓட்டல் முதலாளியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஊரின் பெயரோடு அவர் முகமும் சேர்ந்துதான் நினைவுக்கு வருகிறது.

உப்புக்காற்று:

துபாயில் அறிவிக்கப்பட்ட தொகை எவ்வளவு, கோடைமழை? சுமார் 70 கோடி டாலர். பாகிஸ்தானின் ஒரு வெள்ளத்துக்கே பல ஆயிரம் கோடி டாலர் சேதம் என்று உலக வங்கி கணக்குப் போட்டது. இதையும் என் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாமா?

கோடைமழை:

சேர்க்க முடியாது. உங்கள் பட்டியலில் இருப்பவை நடக்காமல் போனவை. இந்த நிதியம் இருக்கிறது. அதற்குச் செயற்குழு இருக்கிறது, பிலிப்பைன்ஸ் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பணம் போதாது என்று சண்டை போட இப்போது ஒரு கதவாவது கிடைத்திருக்கிறது.

பவளத்திட்டு:

நான் ஆழ்கடல் நீச்சலுக்காக அங்கே போகிறவன். அரசியல் அவ்வளவு தெரியாது. ஆனால் ஊர்க்காரர்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம்.

உச்சி மாநாடுகளுக்கு ஷார்ம் தேவைப்படுவதைவிட, ஷார்முக்கு உச்சி மாநாடுகள் அதிகம் தேவை. 2005 ஜூலை 23 அன்று பழைய சந்தையிலும் நாமா விரிகுடாவிலும் குண்டுகள் வெடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் இஸ்ரேல் பிரதமர் ஷரோனும் பாலஸ்தீனத் தலைவர் அப்பாஸும் அங்கே வந்து வன்முறையை நிறுத்துவதாக அறிவித்திருந்தார்கள். 2015 அக்டோபர் 31 அன்று ஷார்மிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கிளம்பிய ரஷ்ய விமானம் சினாய் மேல் சிதறி 224 பேரும் இறந்தார்கள். பிரிட்டன் 2019 வரை தன் விமானங்களை அங்கே விடவில்லை. ரஷ்யா 2021 வரை. அந்தக் காலத்தில் போனவர்களுக்குத் தெரியும்: கடைத்தெருவில் ஆளே இல்லை, படகோட்டிகள் பாதி விலைக்குக் கூப்பிடுவார்கள், பூட்டிய ஓட்டல்களின் நீச்சல் குளங்களில் மணல்.

அந்த நிலையில் அரசாங்கம் என்ன செய்யும்? தலைவர்களைக் கூப்பிடும். 2019 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியமும் அரபு லீக்கும் முதன்முறையாக உச்சி மாநாடு நடத்தியது ஷார்மில்தான். மெர்க்கல் தங்கிப் போன ஊருக்கு வர உங்களுக்கு என்ன பயம் என்று பயண முகவர்கள் கேட்கலாம் அல்லவா? என் வழிகாட்டி ஒருவர் சொல்லுவார்: மாநாடு நடக்கும் வாரத்தில் அவருக்குக் கடலில் இறங்க அனுமதி கிடையாது, சம்பளமும் கிடையாது. ஆனால் அடுத்த சீசனுக்கு ஆள் வருவார்கள் என்று நம்பிப் பொறுத்துக்கொள்வார்.

மாலுமி:

பவளத்திட்டு, நல்ல செய்தி சொன்னீர்கள் தம்பி. ஊருக்கு வெளியே செம்மண் நிறத் தொப்பி போட்ட ராணுவத்தினரைப் பார்த்ததுண்டா?

பவளத்திட்டு:

விமான நிலையத்தில் பார்த்திருக்கிறேன், ஐயா. ஐ.நா. படை என்று நினைத்தேன்.

மாலுமி:

அவர்கள் ஐ.நா. படையினர் அல்லர். உப்புக்காற்றுக்கு நான் கொடுக்க வேண்டிய பதிலும் இங்கேதான் இருக்கிறது.

1967 முதல் 1982 வரை ஷார்ம் இஸ்ரேலின் கையில் இருந்தது. ஓஃபிரா என்று பெயர் வைத்துக் குடியிருப்பு கட்டினார்கள், நாமா விரிகுடாவில் நீச்சல்காரர்களுக்கு விடுதி கட்டினார்கள். ஷார்ம் இல்லாத அமைதியைவிட, அமைதி இல்லாத ஷார்மே மேல் என்று இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் சொன்னது இந்தக் காலத்தில்தான். அதே தயான், சில ஆண்டுகளில் ஷார்மைத் திருப்பிக் கொடுத்த கேம்ப் டேவிட் பேச்சுவார்த்தையில் வெளியுறவு அமைச்சராக உட்கார்ந்திருந்தார். 1979 மார்ச் 26 அன்று எகிப்தும் இஸ்ரேலும் செய்த அமைதி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு திரான் நீரிணையை எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் திறந்த சர்வதேச நீர்வழியாக ஏற்றுக்கொண்டது. சினாயை மண்டலங்களாகப் பிரித்தார்கள். ஷார்ம் இருப்பது ‘சி’ மண்டலம்: ஒப்பந்தப்படி எகிப்தின் காவல்துறை இருக்கலாம், ராணுவத்துக்கு இடமில்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையில் சோவியத் எதிர்ப்பால் அமைதிப்படை அமையாது என்று தெரிந்ததும், அமெரிக்கா தனியாக ஒரு பன்னாட்டுப் படையைத் திரட்டியது. 1982 ஏப்ரல் 25 அன்று இஸ்ரேல் வெளியேற, அந்தப் படை பணியைத் தொடங்கியது. அமெரிக்கர்கள், கொலம்பியர்கள், ஃபிஜிக்காரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். தெற்கு முகாம் ஷார்மை ஒட்டியே இருக்கிறது.

அன்றிலிருந்து இன்றுவரை அந்த நீரிணை ஒரு நாள்கூட மூடப்படவில்லை. லெபனான் போர், இரண்டு இன்திஃபாதாக்கள், எகிப்தில் புரட்சி, காசாவில் இத்தனை போர்கள் வந்தும் மூடவில்லை. உங்கள் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஷார்மில் உட்கார்ந்து வேறு இடங்களைப் பற்றிப் பேசியவை. ஷார்மைப் பற்றியே பேசி முடித்த ஒப்பந்தம் நிற்கிறது. அதற்கு மாநாட்டு மண்டபம் தேவைப்படவில்லை, காவல் நிலைகள் தேவைப்பட்டன.

உப்புக்காற்று:

இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. மேற்பார்வையாளரும் வரைபடமும் உள்ள ஒப்பந்தம் நின்றது, புகைப்படம் மட்டும் உள்ளது விழுந்தது. அக்டோபர் 13 எந்த வகை?

நடுப்பக்கம்:

அக்டோபர் 13-ஐ மட்டும் பார்த்தால் புகைப்பட வகைதான். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 6 முதல், எகிப்தும் கத்தாரும் அமெரிக்காவும் நடுவில் நிற்க, இஸ்ரேலியக் குழுவும் ஹமாஸ் குழுவும் நேருக்கு நேர் பார்க்காமல் அதே ஊரில் பேசின. துருக்கியும் பிறகு சேர்ந்துகொண்டது. 8-ஆம் தேதி இரவு முதல் கட்டத்துக்குச் சம்மதம் வந்தது. பணயக் கைதிகளும் சிறைவாசிகளும் வீடு திரும்பியது அந்தப் பேச்சின் பலன். 13-ஆம் தேதி வந்தவர்கள் அதன்மேல் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். இந்தியா ஒரு இணை அமைச்சரை அனுப்பியது. 2009-இன் நினைவு யாருக்காவது இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சிரிப்பு.

முபாரக்கை மறந்துவிடாதீர்கள். அவர் ஆண்டில் பல நாள் அங்கேயே தங்கினார். விருந்தாளிகளைக் கெய்ரோவுக்கு அழைப்பதைவிடத் தன் வீட்டு வாசலுக்கு அழைப்பது அவருக்கு வசதி. 2011 பிப்ரவரி 11 அன்று, பதவி விலகிய நாளில், அவர் போனது அங்கேதான். உலகத் தலைவர்களை வரவேற்ற அதே ஊரின் மருத்துவமனையில்தான் அவரைக் காவலில் வைத்தார்கள். சிசி அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கங்களில் இந்த ஊரும் ஒன்று. அமெரிக்க உதவி வேண்டும் என்றால் தான் இல்லாமல் காசாவில் எதுவும் நடக்காது என்று எகிப்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு மேடை வேண்டும்.

மட்டுறுத்தினர்:

சிசியின் உள்நாட்டு அரசியல் பற்றி வந்த மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஊரைப் பற்றி மட்டும் பேசலாம்.

மாலுமி:

ஊரைப் பற்றியே ஒன்று. திரான், சனாஃபிர் இரண்டையும் 2016-இல் சவூதிக்கு விட்டுக்கொடுக்க எகிப்து ஒப்பந்தம் போட்டது. கெய்ரோவில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று மாறாகத் தீர்ப்பளித்தன. 2017-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. தீவு கைமாறினாலும் கப்பல் போக்குவரத்து தடைபடாது என்ற உறுதி இஸ்ரேலுக்குத் தேவைப்பட்டது. இஸ்ரேலோடு தூதரக உறவே இல்லாத சவூதி, 1979 ஒப்பந்தத்தின் ஒரு பகுதியைச் சுமக்க முன்வந்தது. இதற்காக ஷார்மில் யாரும் மேடை போடவில்லை.

நடுப்பக்கம்:

அதே கடற்கரையில் வடக்கே போனால் தாபா. அங்கே ஓட்டலே வழக்குப் பொருளாகிவிட்டது. 1982-இல் இஸ்ரேல் சினாயை விட்டபோது, 91-ஆம் எண் எல்லைக்கல் எங்கே நின்றது என்பதில் தகராறு. அந்தச் சிறிய கடற்கரைத் துண்டில் புதிதாகக் கட்டிய பெரிய ஓட்டல் ஒன்று இருந்தது. ஐந்து பேர் கொண்ட நடுவர் மன்றம் 1988 செப்டம்பரில் நான்குக்கு ஒன்று என எகிப்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஓட்டலுக்கு எகிப்து இழப்பீடு கொடுத்தது, 1989 மார்ச்சில் கொடி மாறியது. அந்தத் தகராறுக்காக ஒரு தோட்டாகூடச் சுடப்படவில்லை.

வேம்பு:

தாபாவுக்குத் தனி இழை தொடங்குகிறேன். நடுப்பக்கம் சார், அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தை அங்கே எழுதுங்கள். மாலுமி ஐயா, நீரிணையின் கடல்வரைபடம் பழையது ஏதாவது உங்களிடம் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். நான்கு திட்டுகளுக்கும் கரைக்கும் நடுவே பெரிய கப்பல்கள் எந்தப் பக்கமாகப் போகின்றன என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.